மஞ்சள் விளக்கு: குறிப்பறிதலின் ஒரு வரலாறு

திருக்குறளில் ஒரே தலைப்பு இரண்டு அதிகாரங்களுக்கு வருவது 'குறிப்பறிதல்' ஒன்றுக்குத்தான். பொருட்பாலில் 71, காமத்துப்பாலில் 110. முதலாவதில் அரசன் வாய்விட்டுச் சொல்லாததை முகத்தில் படிக்க வேண்டியவன். இரண்டாவதில் காதலியின் கண்ணைப் படிக்க வேண்டியவன். படிக்கிற செயல் ஒன்றுதான். யாருடைய குறியை, யாருடைய நன்மைக்காகப் படிக்கிறோம் என்பதில்தான் ஒன்று அரசியலாகவும் மற்றது காதலாகவும் பிரிகிறது. இந்தப் பிரிவை மனதில் வைத்துக்கொண்டு, காரின் டேஷ்போர்டில் எரிகிற ஒரு மஞ்சள் விளக்கைப் பற்றி இங்கே பேச விரும்புகிறேன். சிறுபத்திரிகையில் பேசுகிற விஷயமா இது என்று சில நண்பர்களுக்குத் தோன்றலாம். ரொலாண் பார்த் 1957இல் வெளியிட்ட 'தொன்மங்கள்' நூலில் அன்றைய புதிய சித்ரோயன் காரைப் பற்றி ஒரு கட்டுரை உண்டு. அதைப் பற்றி நம்மவர்கள் நிறையப் பேசியாயிற்று. நம் ஊர்ப் பட்டறையில் பானெட் திறந்து நிற்கிற காரைப் பற்றித்தான் யாரும் எழுதவில்லை.

கம்மாபுரம், விருத்தாசலம் பக்கம் இந்த விளக்குக்குப் பட்டறைகளில் 'செக் லைட்டு' என்று பெயர். இன்ஜினைப் பக்கவாட்டில் கோடாக வரைந்த சின்னம். பார்ப்பதற்குத் தண்ணீர் இறைக்கிற மோட்டார் மாதிரி இருக்கும். அது எரிந்தவுடன் இரண்டு விதமான எதிர்வினைகளைப் பார்க்கலாம். 'இன்ஜினே போச்சு, அம்பதாயிரம் பழுத்துடுச்சு' என்கிற கலக்கம் ஒன்று. 'ஆறு மாசமா அப்படித்தான் எரியுது, வண்டி ஓடிக்கிட்டுத்தான இருக்கு' என்கிற அலட்சியம் மற்றொன்று. எதிரெதிராகத் தோன்றினாலும் இரண்டும் ஒரே அனுமானத்திலிருந்து வருபவை: என் வண்டி, தன் உடம்பைப் பற்றி, என்னிடம் பேசுகிறது. விளக்கின் வரலாற்றைப் பார்த்தால் இந்த அனுமானம் நிற்கவில்லை. ஊர்க்காற்றுக்காக எழுதப்பட்ட ஒரு சட்டம், தனிச்சொத்தான ஒரு பெட்டிக்குள் தன் வாயை வைத்துப் பேசுவதுதான் இந்த விளக்கு.

டேஷ்போர்டில் விளக்கு வைக்கிற பழக்கம் இதைவிடப் பழையது. தொடக்கக்காலக் கார்களில் ஆயில் அழுத்தம், தண்ணீரின் சூடு இவற்றையெல்லாம் முள் காட்டியது. முள்ளைப் படிக்கத் தெரிய வேண்டும். நேற்று இருந்த இடம், இன்று இருக்கிற இடம், மேடு ஏறும்போது நகர்கிற தூரம் என்று டிரைவருக்கும் முள்ளுக்கும் நடுவே ஒரு பழக்கம் உருவாகும். 1930களில் அமெரிக்காவின் ஹட்ஸன் கம்பெனி ஆயில், மின்சாரம் இரண்டுக்கும் முள்ளை எடுத்துவிட்டு விளக்கைப் பொருத்தியது. சொல்ல வேண்டிய கட்டத்தில் மட்டும் எரியும், மற்ற நேரம் சும்மா இருக்கும். அந்த ஊர் ஓட்டுநர்கள் இதற்கு வைத்த பெயர் 'முட்டாள் விளக்கு'. ஏளனப் பெயர்தான், ஆனால் ஒரு மாற்றத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறது. முள் அளவைச் சொல்கிறது. விளக்கு தீர்ப்பைச் சொல்கிறது. வேறு யாரோ வேறு எங்கோ உட்கார்ந்து எல்லையைத் தீர்மானித்துவிட்டார்கள், அதைத் தாண்டியது தாண்டவில்லை என்பது மட்டும் உங்களுக்கு அறிவிக்கப்படும்.

மஞ்சள் விளக்கு இந்த வம்சத்தில் பிறந்தாலும் அதன் தாய்வீடு வேறு. 1943 ஜூலையில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தைப் புகைமூட்டம் சூழ்ந்தது. போர்க்காலம். எதிரி விஷவாயு போட்டுவிட்டான் என்று மக்கள் பயந்தார்கள். பிறகு செயற்கை ரப்பருக்கான மூலப்பொருள் செய்யும் ஒரு தொழிற்சாலை மேல் சந்தேகம் விழுந்தது. அதை நிறுத்திப் பார்த்தார்கள், புகை நிற்கவில்லை. அன்னாசிப் பழத்தின் மணம் எதனால் ஆனது என்று ஆராய்ந்துகொண்டிருந்த ஆரி ஹாகன்-ஸ்மித் என்ற வேதியியலாளர்தான் 1950களின் தொடக்கத்தில் விடையைச் சொன்னார். வண்டிகளும் எண்ணெய் ஆலைகளும் விடுகிற எரியாத ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனாக மாறுகின்றன. கண்ணை எரிக்கிற அந்த மூட்டம் அங்கேதான் சமைகிறது. வெயிலில் சமைகிற விஷம் என்பதைத் தமிழ்நாட்டில் இருக்கிற நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

கார் கம்பெனிகள் ஒப்புக்கொள்ளவில்லை. 1953இல் லாஸ் ஏஞ்சலிஸ் கவுன்டியின் மக்கள் பிரதிநிதி கென்னத் ஹான் ஃபோர்டு கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். புகை காற்றில் சீக்கிரம் கலைந்துவிடுகிறது, அதனால் தொந்தரவு இல்லை என்கிற ரீதியில் பதில் வந்தது. 1969 ஜனவரியில் அமெரிக்க அரசின் நீதித்துறையே வழக்குப் போட்டது: புகையைக் குறைக்கும் கருவிகளைத் தாமதப்படுத்தக் கார் கம்பெனிகள் தங்களுக்குள் கூடிப் பேசிக்கொண்டன என்று. அதே ஆண்டில் சமரசம் செய்து முடித்தார்கள். விளக்கின் முன்கதையில் இந்த வழக்கை விட்டுவிடக் கூடாது. கம்பெனியின் வாய்ச்சொல்லை நம்ப முடியாது என்று ஒரு சமூகம் கற்றுக்கொண்ட பிறகுதான் வண்டியே தன்னைப் பற்றிச் சாட்சி சொல்ல வேண்டும் என்கிற யோசனை வருகிறது.

1970இல் தூய காற்றுச் சட்டம். 1975 மாடல் கார்களில் சைலன்சர் குழாயில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வருகிறது. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற உலோகங்கள் பூசப்பட்ட தேன்கூடு அது. புகை அதன் வழியே போகும்போது நச்சு குறைகிறது. 1976இல் கலிபோர்னியாவில் விற்ற வால்வோவில் ஆக்சிஜன் சென்சார் வருகிறது. 1981இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் கார்களில் கணிப்பொறியும் 'இன்ஜினைப் பார்' என்ற எழுத்து விளக்கும் வைக்கிறது. இவ்வளவும் இருந்தும் ஒரு கேள்வி பாக்கி. ஷோரூமிலிருந்து வரும் நாளில் வண்டி சுத்தம். ஐந்து வருஷம் கழித்து? தெருத்தெருவாக ஆள் வைத்து முகர்ந்து பார்க்க முடியாது. கலிபோர்னியாவின் காற்று வள வாரியம் 1988 மாடல்களிலிருந்து, வண்டி தன் புகைக் கருவிகளைத் தானே கவனித்து விளக்கைப் போட வேண்டும் என்று விதித்தது. 1989இல் அதை இறுக்கினார்கள். 1996இலிருந்து அமெரிக்காவில் விற்கும் எல்லாப் புதுக் கார்களுக்கும் அது கட்டாயம். ஒரே மாதிரி 16 ஊசிச் சொருகி, எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான குறியீடுகள். ஐரோப்பா 2001இல் பெட்ரோல் கார்களிலிருந்து தொடங்கியது.

பூக்கோவைப் படித்தவர்களுக்கு உடனே பென்தமின் காவல் கோபுரம் ஞாபகம் வரும். சிறைவாசி தன்னைத் தானே கண்காணிக்கிற ஏற்பாடு. இந்த வாசிப்பு பாதிதான் பொருந்துகிறது என்று நினைக்கிறேன். இங்கே கண்காணிக்கப்படுவது சொத்து. கண்காணிப்பு சுவாசிக்கிறவர்களின் பெயரால் நடக்கிறது. கண்காணிப்பு என்றாலே ஒடுக்குமுறை என்று எழுதிப் பழகிவிட்டோம். யார் யாரைக் கண்காணிப்பது என்ற கேள்வியை அந்தப் பழக்கம் விழுங்கிவிடுகிறது.

இனி, விளக்கு எதைப் பார்த்து எரிகிறது என்பது. கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒரு ஆக்சிஜன் சென்சார், பின்னால் ஒன்று. முன்னால் இருப்பது பெட்ரோல் கூடுவதற்கும் குறைவதற்கும் ஏற்ப ஓயாமல் அலைபாயும். கன்வெர்ட்டர் நன்றாக இருந்தால் பின்னால் இருப்பது ஏறக்குறைய அமைதியாக இருக்கும். பின்னதும் முன்னது மாதிரியே ஆட ஆரம்பித்தால் நடுவில் இருப்பது செத்துவிட்டது என்று கணிப்பொறி முடிவுகட்டுகிறது. அதற்குக் குறியீடு பி0420. இதுபோல சிலிண்டர் பற்றாமல் தவறுவது, பெட்ரோல் ஆவி கசிவது, காற்றளவு சென்சார் பொய் சொல்வது என்று நூற்றுக்கணக்கான குறியீடுகள். அமெரிக்க விதிப்படி பல குறைகளுக்கு எல்லை, அனுமதித்த நச்சு அளவின் ஒன்றரை மடங்கு. அதையும் ஒருமுறை பார்த்தவுடன் எரியாது. பெரும்பாலான குறைகளுக்கு அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் உறுதியானால்தான் எரியும். குறை சரியாகி மூன்று ஓட்டம் ஒழுங்காக ஓடினால் தானே அணையும். ஆக விளக்கு எரிகிறது என்றால், வண்டி நிற்கப் போகிறது என்று அர்த்தமில்லை. உன் பின்னால் சைக்கிளில் வருகிறவன் மூச்சில் கூடுதலாக ஏதோ போகிறது, அல்லது போகக்கூடும் என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். அதனால்தான் ஆறு மாதமாக எரிந்தும் வண்டி ஓடுகிறது. ஓட்டுகிறவருக்கு இழப்பு மெதுவாக வருகிறது, மைலேஜில்.

சரி, எரிந்தால் என்ன செய்வது? கோட்பாடு பேசும் கட்டுரையில் இது வரலாமா என்றால், வர வேண்டும். குறியைப் படிப்பது என்பது அடுத்த செயலைத் தீர்மானிப்பது; வெறும் பொருள் காண்பது அல்ல.

முதலில் நிறம். சிவப்பு வேறு சாதி. எண்ணெய்க் குடுவைச் சின்னம் சிவப்பாக எரிந்தால் அந்த இடத்திலேயே ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிட வேண்டும். 'பட்டறை வரைக்கும் ஓட்டிட்டுப் போயிடலாம்' என்றால், ஆயில் ஓடாத இன்ஜின் அந்தத் தூரத்துக்குள்ளேயே பிடித்துக்கொள்ளும். வெப்பமானிச் சின்னமும் அப்படித்தான். நிறுத்த வேண்டும், சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. மஞ்சள் இன்ஜின் சின்னம் நிலையாக எரிந்து, வண்டியின் இழுவையிலும் சத்தத்திலும் மாற்றம் இல்லையென்றால் பதற வேண்டாம். பெட்ரோல் மூடி ஒழுங்காக முடுக்கியிருக்கிறதா என்று பாருங்கள்; ஆவிக் கசிவைக் கவனிக்கிற வண்டிகளில் இந்த அற்ப விஷயமே போதும். அறுவடைக் காலமாக இருந்தால் பானெட்டைத் திறந்து எலி ஒயரைக் கடித்திருக்கிறதா என்று பாருங்கள். இதைக் கம்பெனிப் புத்தகங்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை, நம் பக்கத்துப் பட்டறைகளில் தினசரிக் கதை. பிறகு சில நாட்களுக்குள் ஸ்கேனர் போட்டுக் குறியீட்டைப் படிக்க வேண்டும்.

அதே விளக்கு விட்டுவிட்டு மின்னினால் கதை வேறு. சிலிண்டரில் பற்றாத பெட்ரோல் அப்படியே கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது என்று பொருள். தேன்கூடு உருகிவிடும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, வேகத்தைக் குறைத்து, மின்னல் நிற்காவிட்டால் வண்டியை நிறுத்திவிட வேண்டும். அந்தச் சூட்டோடு ரோட்டில் காயப்போட்ட வைக்கோல் மேலோ உளுந்துச் செடி மேலோ நிறுத்துவது தீயை அழைத்துக் கொடுப்பது. டீசல் வண்டிகளில் 2020க்குப் பிறகு வந்தவற்றில் கரிப்பொடியைப் பிடிக்கிற வடிகட்டிக்கென்று தனி விளக்கு இருக்கும். சந்தைத் தெருவிலேயே ஊர்ந்துகொண்டிருந்தால் அது அடைக்கும். புத்தகத்தில் சொல்லியிருக்கிற வேகத்தில் நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் நிற்காமல் ஓட்டினால் பெரும்பாலும் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும்.

பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினால் விளக்கு அணைந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்த வித்தை. பல வண்டிகளில் அணையும்தான். அதோடு, எந்த நேரத்தில் எந்த வேகத்தில் குறை வந்தது என்று கணிப்பொறி குறித்து வைத்த சாட்சியமும் அழிந்துபோகும். குறை மட்டும் அப்படியே இருக்கும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சாவியைத் திருப்பி இன்ஜினைக் கிளப்பும் முன் இந்த விளக்கு ஒருமுறை எரிய வேண்டும். தான் உயிரோடு இருப்பதைக் காட்டத்தான் அது. பழைய கார் வாங்கப் போகும்போது அந்த நேரத்தில் எரியாவிட்டால், விற்பவர் விளக்கின் வாயைக் கட்டியிருக்கலாம். எரிகிற விளக்கைப் பார்த்துப் பயப்படுகிற நாம், எரிய வேண்டிய நேரத்தில் எரியாத விளக்கைக் கவனிப்பதே இல்லை.

வாயைக் கட்டுவதில் உள்ளூர் தரகர்கள் வெறும் சில்லறை வியாபாரிகள். 2013இல் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஒரு சிறு குழு, டீசல் கார்களின் பின்னால் அளவுக் கருவியைக் கட்டிக்கொண்டு சாலையில் ஓட்டிப் பார்த்தது. அந்தக் குழுவில் அரவிந்த் திருவேங்கடம், ஹேமந்த் கப்பண்ணா என்று இரண்டு பேர் நம் பக்கத்திலிருந்து போனவர்கள். சோதனைக்கூடத்தில் சுத்தமாக இருந்த ஃபோக்ஸ்வாகன் சாலையில் நைட்ரஜன் ஆக்சைடை அள்ளி வீசியது. 2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நோட்டீஸ் அனுப்பியது. சோதனை நடக்கிறதா என்று மோப்பம் பிடித்து, அப்போது மட்டும் ஒழுங்காக நடந்துகொள்கிற மென்பொருள். அனுமதித்ததைப் போல 40 மடங்கு வரை நச்சு. உலகம் முழுக்க ஏறக்குறைய 1 கோடியே 10 லட்சம் வண்டிகள். ஒன்றரை மடங்கு தாண்டினால் எரிய வேண்டிய விளக்கு, 40 மடங்கு தாண்டியும் எரியவில்லை. அது பழுதாகி எரியாமல் இருக்கவில்லை, எஜமானன் சொன்னபடி எரியாமல் இருந்தது. சாட்சி சொல்லச் சொல்லி வண்டிக்குள் வைத்த கணிப்பொறியை எழுதியவர்களே கம்பெனிக்காரர்கள்தான் என்பதை 1969 வழக்குக்குப் பிறகும் சட்டம் போதுமான அளவு யோசிக்கவில்லை. இந்தியாவில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைப்பதாக அந்த நிறுவனம் 2015 டிசம்பரில் அறிவித்தது. 2019 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் விதிக்க, மே மாதம் உச்ச நீதிமன்றம் நடவடிக்கையை நிறுத்தி வைத்தது. அதே 2019இல் கப்பண்ணா தான் வேலை பார்த்த ஜெனரல் மோட்டார்ஸின் ஆட்குறைப்பில் வேலை இழந்தார். இதை ஒரு துணைச்செய்தியாகவே சொல்கிறேன்.

இப்போது பட்டறைக்கு வருவோம். கார்பரேட்டர் காலத்து மெக்கானிக்கின் அறிவு ஐம்புலன் அறிவு. புகை நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது, கறுப்பாக வந்தால் பெட்ரோல் அதிகம் குடிக்கிறது, ஓயாத வெள்ளை என்றால் தண்ணீர் உள்ளே போகிறது. பிளக்கைக் கழற்றி நுனி செம்பழுப்பா, கரியா, வெளுப்பா என்று பார்ப்பார். ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜின் மேல் ஊன்றிக் கைப்பிடியைக் காதில் வைத்து, 'மூணு சிலிண்டர்லதான் ஓடுது' என்பார். மெய்ப்பாடுகளை எண்வகையாகப் பிரித்துக் கற்பிக்கிற தமிழ் வகுப்பில் எனக்குக் கிடைக்காத ஒரு விஷயத்தை இவர்களிடம் பார்த்திருக்கிறேன். குறியைப் படிப்பவன் தன் உடம்பையும் அதற்குக் கருவியாகக் கொடுக்கிறான். பட்டறையில் சேருவதற்கு யாரும் சான்றிதழ் கேட்டதில்லை. பள்ளிக்கூடம் வெளியே தள்ளிய பையன்கள் அங்கேதான் படித்தார்கள். இந்தப் படிப்பை நம் அறிவுலகம் படிப்பாகக் கணக்கில் எடுத்ததே இல்லை.

மஞ்சள் விளக்கு வந்ததும் இந்த அறிவுக்குக் கீழிருந்த தரை நகர்ந்தது. 'சென்சார் வண்டி சார், நம்மகிட்ட ஆவாது, ஷோரூம்ல விட்டுடுங்க.' இதை வெறும் தொழில்நுட்ப முன்னேற்றத்தின் விளைவு என்று சொல்வது பாதிப் பொய். அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தமே, குறியீடுகளைப் படிக்கவும் பழுது பார்க்கவும் தேவையான தகவல் வெளி மெக்கானிக்குகளுக்கும் கிடைக்க வேண்டும் என்று எழுதி வைத்தது. அப்படியும் மாசசூசெட்ஸில் மக்கள் 2012இலும் 2020இலும் வாக்கெடுப்பு நடத்தி அந்த உரிமையைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. இங்கே 2011இல் ஒரு புகார் இந்தியப் போட்டி ஆணையத்துக்குப் போனது. உதிரிபாகங்கள், பழுதறியும் கருவிகள், கையேடுகள் இவற்றைக் கம்பெனிகள் தங்கள் அங்கீகரித்த கடைகளுக்கு வெளியே கொடுப்பதில்லை என்பது விவகாரம். 2014 ஆகஸ்ட் 25 அன்று ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மாருதி, டாடா, மகேந்திரா, ஃபோர்டு எல்லாரும் அதில் உண்டு. அடுத்த ஆண்டு ஹூண்டாய்க்கு 420 கோடி. எல்லாம் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை 'பழுதுபார்க்கும் உரிமை' என்று ஒரு இணையதளம் திறந்தது. இணையதளம் திறப்பதற்கும் குறியீடு திறப்பதற்கும் உள்ள தூரம் வாசகர்களுக்குத் தெரியும்.

இந்த இடத்தில் ஒரு சபலம் வரும். பழைய காது, பழைய மூக்கு, பழைய கைமணம் என்று உருகுகிற சபலம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் எந்தக் காதுக்கும் கேட்கவில்லை. 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில்தான் அது இந்தியா முழுக்க நிறுத்தப்பட்டது. அதுவரை அந்தப் பெட்ரோலில் கைகழுவியதும் அந்தப் புகையை முதலில் சுவாசித்ததும் நாம் கொண்டாடுகிற அதே மெக்கானிக்கும் அவருடைய பையனும்தான். புலனுக்கு எட்டாத விஷத்தைப் பார்க்கச் சென்சார் வேண்டும். விளக்கு வேண்டாம் என்பதல்ல என் வாதம். விளக்கின் மொழி பூட்டி வைக்கப்பட்டிருப்பதுதான் பிரச்சினை. வடலூர் ஞானசபையில் தைப்பூசத்தன்று ஏழு திரைகளை விலக்கி எல்லோருக்கும் ஜோதியைக் காட்டுகிறார்கள். இங்கே ஜோதியை எல்லோருக்கும் காட்டிவிட்டுத் திரையைப் பொருளின் மேல் போட்டிருக்கிறார்கள்.

இந்தியாவில் கார்களுக்கு இந்தக் கண்காணிப்பு 2010இல் பாரத் நிலை நான்கோடு தொடங்கி, 2013 ஏப்ரலில் முழுமையான இரண்டாம் கட்டத்துக்கு வந்தது. நிலை நான்கே நாடு முழுவதற்கும் வந்தது 2017இல்தான். 2020 ஏப்ரலில் ஐந்தைத் தாண்டி நேராக நிலை ஆறு. அன்றிலிருந்து மோட்டார் சைக்கிளிலும் ஸ்கூட்டரிலும் அதே மஞ்சள் சின்னம். 2023 ஏப்ரலில் அதுவும் இறுக்கப்பட்டது. கம்மாபுரம் ஒன்றியத்துக்கு விளக்கு உண்மையில் வந்து சேர்ந்தது அப்போதுதான், கார் வழியாக அல்ல, இருசக்கர வண்டி வழியாக. பால் ஊற்றப் போகிறவரும் கூலி வேலைக்குப் போகிறவரும் இன்று தங்கள் புகைக்குத் தாங்களே சாட்சி வைத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். ஆனால் நம்முடைய புகைச் சான்றிதழ் நிலையத்தில் பெட்ரோல் வண்டிக்குக் குழாயைச் செருகி, வண்டி நின்ற நிலையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் பார்க்கிறார்கள். டீசலுக்குப் புகையின் அடர்த்தி. ஃபோக்ஸ்வாகன் விவகாரத்தின் மையமான நைட்ரஜன் ஆக்சைடு அங்கே அளக்கப்படுவதில்லை.

இந்தக் கடைசிப் பத்திகளை நெய்வேலியைச் சொல்லாமல் எழுத முடியாது. கம்மாபுரத்துக்காரர்களுக்கு அது அடுத்த வீடு. 1956இல் நிறுவனம், 1962இல் முதல் மின்னாக்கி, அன்றிலிருந்து நிலக்கரிப் புகை. 2015 டிசம்பரில் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் அனல்மின் நிலையங்களின் கந்தக டை ஆக்சைடுக்கும் நைட்ரஜன் ஆக்சைடுக்கும் வரம்பு விதித்தது. இரண்டு வருஷத்தில் நிறைவேற்ற வேண்டும் என்றார்கள். கெடு 2017இலிருந்து 2022க்குப் போனது, பிறகு மேலும் மேலும் தள்ளிப்போனது. 2025 ஜூலையில், கந்தகத்தை நீக்கும் கருவி பொருத்துவதிலிருந்து நாட்டின் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கொடுத்துவிட்டார்கள். ஒரே ஆகாயம். ஸ்கூட்டருக்குக் கெடு தவறவில்லை. புகைபோக்கிக்குத் தவறிக்கொண்டே போனது. புகைபோக்கியிலும் அளவுக் கருவிகள் உண்டு என்பார்கள். இருக்கட்டும். அதன் விளக்கு யாருடைய டேஷ்போர்டில் எரிகிறது?

கடலூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் சொல்லிப் பார்த்தார்கள். 2004 வாக்கில் அவர்கள் நாற்றம் வந்த நாள், நேரம், காற்றடித்த திசை, எது மாதிரி நாற்றம் என்றெல்லாம் குறித்து வைத்தார்கள். பிளாஸ்டிக் வாளிக்குள் பை வைத்துக் காற்றைப் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். அந்த வாளி முறையும் 1990களில் கலிபோர்னியாவில் எண்ணெய் ஆலைக்குப் பக்கத்தில் வாழ்ந்த மக்களுக்காக உருவானதுதான். மூக்கும் கருவியும் சேர்ந்து நின்ற இடம் அது. மூக்கை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் 'பொதுமக்களின் பிரமை' என்று தள்ளியிருப்பார்கள். அளவுத்தாள் கையில் இருந்ததால் அதிகாரிகள் பேச வேண்டி வந்தது.

பட்டறைகளிலும் கொஞ்ச காலமாக இதுபோல ஒன்று நடக்கிறது. கனடாவில் ஒரு சிறு கம்பெனி செய்த ஈஎல்எம்327 என்ற சில்லு, வண்டியின் 16 ஊசிச் சொருகியிலிருந்து குறியீட்டை எடுத்துக் கொடுக்கும். அதன் முதல் பதிப்பை நகலெடுக்க முடியாதபடி பூட்டாமல் விட்டுவிட்டார்கள். நகல்கள் உலகம் முழுக்கப் பரவின. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற அந்தக் கட்டைவிரல் அளவுப் பெட்டியைச் செருகி, செல்போனில் குறியீட்டைப் படிக்கிற மெக்கானிக்குகள் இன்று விருத்தாசலம் சாலையில் இருக்கிறார்கள். எல்லாக் குறியீடும் அதில் வராது. கம்பெனிகள் தமக்கென்று வைத்துக்கொண்டவை பல இன்னும் பூட்டியே கிடக்கின்றன. வருவதும் இங்கிலீஷில்தான் வரும். ஒருவர் பள்ளிக்கூட நோட்டில் தன் கையெழுத்தில் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார். 'பி0301 – ஒண்ணாம் சிலிண்டர் தட்டுது. மொதல்ல காயில மாத்திப் பாரு. பி0171 – காத்து எங்கியோ உள்ள இழுக்குது, ஓஸ் பாரு. பி0420 – கன்வெர்ட்டர்னு சொல்லும், உடனே நம்பாத, சைலன்சர் லீக் இருக்கான்னு முன்னாடி பாரு.' மூன்றாவது வரிக்குக் கீழே வேறொரு கையெழுத்து, அவரிடம் வேலை கற்கிற பையனுடையது: 'கரி புடிச்ச துணிய பைப்புகிட்ட வச்சா லீக் தெரியும்.'